பிறவாதவரை வணங்கிய பாண்டியன்

தென்காசியில் காசி விசுவநாதரைத் தரிசிக்கச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கோபுர வாசலில் புகுந்து விளையாடும். ஆடவர் மேல்துண்டைப் பற்றிக்கொள்வர். பெண்டிர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வர். அந்தக் காற்றில் கலந்துவரும் சாரல், ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிவிட்டதை ஊருக்குச் சொல்லும்.

காற்றைக் கடந்து உள்ளே சென்று, விசுவநாதரையும் உலகம்மனையும் வணங்கித் திரும்பும் அன்பர்கள் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இக்கோயிலைக் கட்டிய மன்னன், அவர்களில் சிலரை முன்கூட்டியே வணங்கிவிட்டுச் சென்றிருக்கிறான். இந்தக் கோயிலில் வரக்கூடாத குறை ஏதேனும் பிற்காலத்தில் வந்துவிட்டால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகத்தார் அறிய அவரைத் தான் இப்போதே பணிவதாகக் கல்லில் பாடலாகப் பொறித்துவைத்தான் பராக்கிரம பாண்டியன்.

ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வணக்கம் அங்கே காத்திருக்கிறது. முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத ஒருவரின் முன் தலை தாழ்த்துகிறான். சற்று நின்று யோசித்தால் இது வியப்பான செயல். இல்லாத ஒருவரை வணங்க முடியுமா? பிறக்காதவருக்கு நம்மிடம் என்ன உரிமை? நமக்குப் பின் வருவோருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்? இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் அறநெறி அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. தென்காசியும் குற்றாலமும் அந்த வாதத்திற்குத் தரும் விடை, கேட்கத் தக்கது.

மன்னன் காணாத கோபுரம்

மதுரையை இழந்த பாண்டியர் மரபு தெற்கே ஒதுங்கிய காலம் அது. 1422 முதல் 1463 வரை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் கனவில் இறைவன் தோன்றினார் என்கிறது தலவரலாறு. தெற்கேயிருந்து காசிக்குப் புறப்படும் அடியார்கள் பலர், அங்குச் சென்று சேருமுன் வழியிலேயே உயிர் துறக்கிறார்கள். அவர்களுக்காக இங்கேயே ஒரு கோயில் எடுப்பாயாக என்று பணித்தாராம். எறும்புச் சாரை செல்லும் வழியைப் பின்பற்றுமாறும் கூறினாராம். அவ்வாறே சென்ற மன்னன், சிற்றாற்றங்கரையில் செண்பக வனத்தில் இலிங்கத் திருமேனியைக் கண்டான். 1446-ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது. கோயிலைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. ஊரின் பெயரே தென்காசி ஆயிற்று.

கருவறையை எழுப்பிய மன்னன் இராசகோபுரத்தையும் தொடங்கினான். ஆனால் அது நிறைவெய்துமுன் 1463-இல் காலமானான். தம்பி குலசேகர பாண்டியன் அப்பணியை முடித்தான். ஆக, தன் கோபுரம் எழுந்து நிற்பதைக் கட்டியவனே கண்டதில்லை. தனக்குப் பின் வருபவரின் கைகளை நம்பித்தான் அவன் அடிக்கல் நாட்டியிருக்கிறான்.

அந்தக் கோபுரமும் நிலைக்கவில்லை. காலத்தின் தாக்குதலும் 1924-இல் நேர்ந்த தீயும் அதைச் சிதைத்தன. அதன்பின் 66 ஆண்டுகள் தென்காசி கோபுரமின்றியே இருந்தது. 1924-இல் தென்காசியில் பிறந்த ஒரு குழந்தை, வளர்ந்து, மணம் முடித்து, மக்களைப் பெற்று, பேரன் பேத்திகளைக் கண்ட பின்னரே தன் ஊர்க் கோபுரத்தை முழுமையாகக் கண்டிருக்கும். அதைக் காணாமலே கண்மூடியவர் எத்தனையோ பேர். பின்னர்ப் பா. சிவந்தி ஆதித்தன் தலைமையில் அன்பர்கள் திரண்டு, ஒன்பது நிலைகளுடன் ஏறக்குறைய 180 அடி உயரக் கோபுரத்தை எழுப்பினார்கள். 1990-இல் குடமுழுக்கு நடந்தது. பாண்டியனின் வணக்கம் தனக்குரியவர்களை அன்று கண்டடைந்தது என்று சொல்லலாம்.

பிறவாதவருக்குக் கொடுக்க முடியுமா?

இனி வாதத்திற்கு வருவோம். முதல் தடை எளிமையானது. இல்லாத ஒருவருக்கு உரிமை எப்படி இருக்க முடியும்? உரிமை என்றால் அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

நம் நாட்டு நீதிமன்றங்களே இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கின்றன. கல்கத்தாவில் பெருஞ்செல்வராக விளங்கியவர் பிரசன்ன குமார் தாகூர். அவருடைய ஒரே மகன் கிறித்தவ சமயம் தழுவியதால், அவருக்குச் சொத்து சேராதபடி உயில் எழுதினார். அந்த உயில், இன்னும் பிறக்காத சந்ததியினருக்கும் சொத்து செல்லுமாறு ஏற்பாடு செய்திருந்தது. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. இந்துச் சட்டப்படி, கொடை நடைமுறைக்கு வரும் வேளையில் உயிரோடு இல்லாத ஒருவருக்குக் கொடுப்பது செல்லாது என்று 1872-இல் தீர்ப்பாயிற்று. வாங்கும் கை இல்லையேல் கொடை இல்லை என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பு பல குடும்பங்களை இக்கட்டில் ஆழ்த்தியது. இனிப் பிறக்கப்போகும் பேரனுக்கென்று தாத்தா ஒரு காணி நிலத்தைக்கூட ஒதுக்கிவைக்க முடியாது என்றாயிற்று. இறுதியில் சட்டமே மாற்றப்பட்டது. 1914-இல் சென்னை மாகாணத்திலும், 1916-இல் இந்திய அளவிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், பிறவாதவருக்கும் சில வரம்புகளுக்கு உட்பட்டுக் கொடுக்கலாம் என்று வழிசெய்தன. தாத்தாக்களின் மனத்தில் எப்போதும் இருந்த நியாயத்தை ஏட்டில் ஏற்றச் சட்டத்திற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தத்துவ அறிஞர்கள் இதைவிட நுட்பமான ஒரு சிக்கலை எழுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் டெரிக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். தென்காசியையே உதாரணமாகக் கொண்டு அதைப் பார்க்கலாம். பராக்கிரம பாண்டியன் கோயிலைக் கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஊர் இவ்வாறு வளர்ந்திராது. இங்கு வந்து குடியேறியவர்கள் வேறெங்கோ சென்றிருப்பார்கள். நடந்த திருமணங்கள் நடந்திரா, பிறந்தவர்கள் பிறந்திரார், வேறு யாரோ பிறந்திருப்பார்கள். அப்படியானால் மன்னன் கோயில் கட்டாமல் விட்டதனால் தான் நட்டமடைந்ததாக எந்தத் தனி மனிதரும் குறைகூற முடியாது. ஏனெனில் கோயில் எழுந்த தென்காசியில் பிறந்தவர், அது எழாத ஊரில் பிறந்தே இருக்கமாட்டார். இதே தருக்கத்தைக் கொண்டு, காட்டை அழித்தாலும் ஆற்றைக் கெடுத்தாலும் எதிர்காலத்தவர் யாருக்கும் தீங்கில்லை என்று ஒருவர் வாதாடிவிடலாம்.

அந்த முடிவு தவறு என்று நம் உள்ளம் உடனே சொல்கிறது. பார்ஃபிட்டும் அது தவறு என்றே கருதினார். ஆனால் ஏன் தவறு என்பதை ஐயமற நிறுவுவது அவருக்கும் எளிதாக இல்லை. பாண்டியனின் வணக்கமோ இந்தச் சிக்கலைத் தொடாமலே கடந்துவிடுகிறது. அவன் இன்னார் மகனை, இன்ன குலத்தவரை, இன்ன நாட்டவரை என்று பெயர் குறித்து வணங்கவில்லை. ‘யாராக இருந்தாலும்’ என்கிறான். அந்த இடத்தில் வந்து நிற்பவர் எவரோ, அவருக்கே வணக்கம். கடமை ஓர் ஆளைப் பார்த்து அன்று. ஆள் வந்து நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து. அன்னதான மண்டபத்தில் இலை போடுகிறவர், அந்த இலையின் முன் அமரப்போவது யார் என்று கேட்பதில்லை. ஆயினும் இலையைக் கழுவித்தான் போடுகிறார்.

தொலைவில் இருப்பதால் மதிப்புக் குறையுமா?

இரண்டாவது வாதம் கணக்கு வழி வருகிறது. இன்று கிடைக்கும் நூறு ரூபாய், பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் நூறு ரூபாயைவிட மதிப்புடையது என்பது வட்டிக் கணக்கு அறிந்த எல்லோருக்கும் தெரியும். அரசுகள் பெருந்திட்டங்களின் நன்மை தீமைகளை எடைபோடும்போது, எதிர்கால நன்மையையும் இவ்வாறே கழித்துக் கணக்கிடுவது வழக்கம். ஆண்டுக்கு 5 விழுக்காடு எனக் கழித்தால், நூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு கோடி ரூபாய் நன்மை, இன்றைய மதிப்பில் சுமார் 76 ஆயிரம் ரூபாய்தான். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் என்றால் ஒரு பைசாகூடத் தேறாது.

இந்தக் கணக்கைப் பாண்டியன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று தென்காசியில் கைகூப்பி நிற்கும் நீங்களும் உங்கள் குடும்பமும் அவன் பேரேட்டில் சுழியமாக இருந்திருப்பீர்கள்.

பணத்திற்குப் பொருந்தும் கணக்கு மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்டவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபிராங்க் ராம்சே. ஒரு நாடு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதைப் பற்றி 1928-இல் அவர் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. பிற்காலத்தவரின் இன்பத்தை, அது பிற்காலத்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிடுவது அறநெறியில் ஏற்கத் தக்கதன்று. நம் கற்பனை வலுவின்மையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இதை எழுதியவருக்கு அப்போது வயது 25. அடுத்த 2 ஆண்டுகளுக்குள், 26 வயதிலேயே மறைந்துவிட்டார். நெடுங்காலத்தைப் பற்றி நினைக்க நெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை போலும்.

நம் முன்னோருக்கும் இந்தக் கற்பனை வலு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடை தரும்போது 96 ஆடுகள் தருவது ஒரு வழக்கம்; சில இடங்களில் 90. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டா? தனி ஆடு சாகும், மந்தை சாகாது. ஆடுகளைப் பெற்றுக்கொள்ளும் இடையர், நாள்தோறும் உரிய அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். குட்டிகளால் மந்தையை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். நெய்யை எடுத்துக்கொள், மந்தையில் கைவைக்காதே. முதல் குறையாமல் பயனை மட்டும் நுகரும் இந்த ஏற்பாட்டில்தான், சூரிய சந்திரர் உள்ளவரை விளக்கெரியும் என்று அவர்களால் எழுதிவைக்க முடிந்தது.

குற்றாலத்தின் மந்தை

இந்த ஏற்பாட்டைக் கண்ணால் காண விரும்புவோர் குற்றாலம் செல்ல வேண்டும். திரிகூட மலைமேல் அடர்ந்த காடு. பெய்யும் மழையைக் காட்டின் மண்ணும் வேரும் சருகும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஊற்றாகச் சிறுகச் சிறுக விடுகின்றன. அதுவே தேனருவியாகவும், செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, பேரருவியாக விழுகிறது. பேரருவியின் நடுவே ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழ்ந்த பாறைக்குழி உண்டு. உச்சியிலிருந்து பாயும் நீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பின்னரே நம் தலைமேல் இறங்குகிறது. பின்னர்ச் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கிறது.

காடு மந்தை, அருவி நெய். காடு குறைந்தால் மழை பெய்யும் அன்று வெள்ளம், மறுவாரம் வறட்சி. திருஞானசம்பந்தர் பாடிய குற்றாலநாதரின் தலத்தில் தலமரமே குறும்பலா. இறைவனைப் பாடிய சம்பந்தர் அந்த மரத்துக்குத் தனியே ஒரு பதிகம் பாடியிருக்கிறார் என்பதை அடியார்கள் அறிவர். கோயிலையும் மரத்தையும் மலையையும் அருவியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த அருவிக்கும் நம் காலத்தில் வழக்கு மன்றம் செல்ல நேர்ந்தது. அருவியில் நீராடுவோர் பயன்படுத்தும் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் நீரோடு கலந்து சிற்றாற்றைக் கெடுப்பது குறித்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் அவற்றுக்குத் தடை விதித்தது. இதற்கும் எதிர்வாதம் இருந்தது. அதைக் கேட்காமல் கடப்பது நியாயமன்று. எண்ணெய் தேய்த்துக் குற்றால அருவியில் குளிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். நல்லெண்ணெய் விற்றும், எண்ணெய் தேய்த்துவிட்டும் பிழைத்த குடும்பங்கள் உண்டு. சாரல் காலமாகிய இரண்டு மூன்று மாதங்களே அவர்களுக்கு வருவாய்க் காலம். இன்று பசித்திருக்கும் ஒருவரின் வயிற்றில் அடித்து, நாளை பிறப்பவரின் தாகத்தைத் தீர்ப்பது அறமா?

கடினமான கேள்விதான். அறநெறி அறிஞர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். எதிர்காலத்துக்கான விலையை யாரேனும் தந்தாக வேண்டும். ஆனால் அதை ஊரிலேயே எளியவர் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர் புண்ணியம் தேடிக்கொள்வது நீதியாகாது. தடையின் நன்மை எல்லோருக்கும் சேர்கிறது என்றால், தடையால் பிழைப்பு இழந்தவரைத் தாங்கும் பொறுப்பும் எல்லோருக்கும் உண்டு. குற்றாலம் செல்லும் குடும்பம், அருவியில் சோப்பைத் தவிர்ப்பதோடு நில்லாமல், அங்குள்ள சிறு வியாபாரியிடம் ஒரு கூடை பழமோ நெல்லிக்காயோ வாங்கினால், அதுவும் அந்தப் பொறுப்பின் ஒரு சிறு பங்கே.

அடுத்த வழக்கு இன்னும் வெளிப்படையானது. குற்றாலச் சுற்றுவட்டாரத்தில் சில தனியார் விடுதிகள், மலையிலிருந்து வரும் நீரின் போக்கை மாற்றித் தங்கள் வளாகத்திற்குள்ளேயே செயற்கை அருவிகளை அமைத்துக்கொண்டன என்ற முறையீடு 2022-இல் மதுரைக் கிளையின் முன் வந்தது. நீதிமன்றம் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. எல்லோருக்கும் விழும் அருவியைச் சிலருக்கு மட்டும் விழச்செய்யலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

இதற்கு முன்பே நம் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருந்தது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதி, தன் நிலத்தைக் காத்துக்கொள்ள ஆற்றின் போக்கையே மாற்ற முயன்றது. 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பு, ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அன்று, அறங்காவலர் மட்டுமே என்று நிறுவியது. அதே ஆண்டில், வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்ட வழக்கிலும் அவரே தீர்ப்பளித்தார். வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காத வளர்ச்சியே வளர்ச்சி என்னும் கொள்கை அதில் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாயிற்று.

அறங்காவலர் என்னும் சொல் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களுக்குப் புதிதன்று. சட்டத்தின் கண்ணில் கோயில் இறைவன் என்றும் வளராத மைனர். அவர் சொத்தை மற்றவர் காத்துத் தரவேண்டும். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழியும் நம்மிடம் உண்டு. இனிப் பிறப்பவரும் அத்தகைய மைனர்களே. அவர்களால் பேச முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது, வாக்களிக்கவும் முடியாது. அவர்களுக்குரிய பங்கை நாம் தின்றுவிட்டால், தட்டிக் கேட்க அவர்கள் அங்கில்லை.

சாபமும் வணக்கமும்

மூன்றாவது வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. நாம் பின்வருவோருக்குக் கடமைப்பட்டவர்கள், சரி. ஆனால் மறைந்தவர்கள் வாழ்பவர்மீது சுமையை ஏற்றலாமா? பாண்டியன் ஒரு கோயிலைக் கொடுத்தான். கூடவே அதைப் பராமரிக்கும் பாரத்தையும் கொடுத்துவிட்டானே!

அமெரிக்காவின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் ஜெஃபர்சன் 1789-இல் தம் நண்பர் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி வாழ்பவர்களுக்கே உரியது. இறந்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை என்று வாதிட்டார். ஒரு தலைமுறைக்கு 19 ஆண்டுகள் என்று கணக்கிட்டு, அதற்குமேல் ஒரு தலைமுறையின் கடனும் சட்டமும் அடுத்ததைக் கட்டுப்படுத்தக்கூடாது என்றார். இதே கடிதத்தில் அவர், பூமியை அனுபவிக்கும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு என்ற பொருளையும் வைத்தார். அதாவது நெய் நமக்கு, மந்தை நமக்கன்று.

நம் பழைய கல்வெட்டுகளை எழுதியவர்களும் இந்தச் சங்கடத்தை உணர்ந்தே இருந்தார்கள். அறத்தைப் பிற்காலத்தவர் காப்பார்களா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எனவே பல கல்வெட்டுகள் சாபத்தோடு முடியும். இந்த அறத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று அவை அச்சுறுத்தும். வேறு பல கல்வெட்டுகள், இதைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்று பணிந்து முடியும். பராக்கிரம பாண்டியன் தன் பாடலில் தேர்ந்துகொண்டது இந்த இரண்டாவது வழியை.

இங்கேதான் அவனுடைய அறவுணர்வின் நுட்பம் புலப்படுகிறது. ஆணையிடும் அதிகாரம் அவன் உயிரோடு இருக்கும்வரைதான். பின்வருவோர் அவனுடைய குடிகள் அல்லர். அவனுக்கு எந்தக் கடனும் பட்டவர்கள் அல்லர். அதை அவன் உணர்ந்திருந்தான். ஆகையால் கட்டளையிடவில்லை, கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். செய்தாக வேண்டும் என்று சொல்லப்பட்டதைச் செய்யாமல் விட்டுவிட மனிதனுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். முன்கூட்டியே வணங்கிவிட்டவனின் வேண்டுகோளைத் தட்டுவது கடினம்.

அந்த வேண்டுகோளின் தேவை தீர்ந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 7-ஆம் நாள் இக்கோயிலில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் திருப்பணி முறையாக நடந்ததா என்ற கேள்வி எழுந்து, அதுவும் மதுரைக் கிளை வரை சென்றது. எந்தத் தரப்பு சரி என்பதைத் தீர்மானிப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. ஆனால் வரக்கூடாத குறை வந்தால் என்ன செய்வது என்று பதினைந்தாம் நூற்றாண்டு மன்னன் பட்ட கவலை, இருபத்தோராம் நூற்றாண்டிலும் நம்மோடு இருக்கிறது என்பதற்கு அது சான்று.

முதுமையின் அறம்

பிறக்கும்போதே மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது வேத மரபு. தேவர்களுக்குரிய கடன் வேள்வியாலும், முனிவர்களுக்குரிய கடன் கல்வியாலும், முன்னோருக்குரிய கடன் மக்கட்பேற்றாலும் தீரும். இதில் மூன்றாவது கடனைக் கவனிக்க வேண்டும். பெற்றுக்கொண்டது நமக்கு முன் இருந்தவர்களிடம். திருப்பிச் செலுத்துவது நமக்குப் பின் வருபவர்களிடம். கொடுத்தவர் கையில் திரும்பச் சேராமலே தீரும் கடன் உலகில் இது ஒன்றுதான். குளம் தோண்டுதல், சோலை வளர்த்தல், கோயில் எடுத்தல் ஆகியவற்றைப் ‘பூர்த்தம்’ என்னும் அறமாகப் போற்றியதும் இதே பார்வையில்தான்.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு மனச்சோர்வு இயல்பாக வரும். ‘இனி நாம் எதைத் தொடங்கி என்ன, அதன் பலனைப் பார்க்கவா போகிறோம்?’ என்று தோன்றும். இன்னொரு கவலையும் வரும். குடும்பத்தில் நான்கு தலைமுறையாக நடந்துவந்த மண்டகப்படியை வெளிநாட்டில் இருக்கும் மகன் தொடர்வானா? குலதெய்வம் கோயிலுக்குப் பேத்தி வருவாளா? அந்தக் கவலை சில வீடுகளில் கண்டிப்பாகவும், சில வீடுகளில் சாபமாகவும் வெளிப்பட்டுவிடுகிறது. பிள்ளைகள் மேலும் விலகிப் போகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் பாண்டியனிடம் மருந்து இருக்கிறது. பலனைத் தான் காணமாட்டான் என்று அறிந்தும் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டினான். தொடர வேண்டியவர்களை அதட்டாமல் வணங்கினான்.

அவன் வழியில் செய்யத்தக்கவை சில உண்டு. கோயிலுக்குக் கட்டளை வைப்போர், ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் ரூபாய் முதலில் வைத்த கட்டளையின் வட்டி, இன்று ஒரு வேளை அர்ச்சனைக்கும் மாலைக்கும் காணாது. விலைவாசி அறிந்து முதலை அவ்வப்போது உயர்த்தினால்தான் அது சாவா மூவாப் பேராடாக இருக்கும். ஏன் இதைச் செய்கிறோம் என்பதைப் பேரக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லலாம்; சொன்னபின் தீர்மானத்தை அவர்களிடம் விட்டுவிடலாம். குற்றாலம் செல்லும்போது நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். வீட்டுக் கொல்லையிலோ கோயில் நந்தவனத்திலோ ஒரு பலாக்கன்றை வைக்கலாம். அதன் முதற்கனியை உண்பவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் சரி.

அடுத்த முறை தென்காசிக்குச் செல்லும் அன்பர்கள், பேரனையோ பேத்தியையோ கையில் பிடித்துக்கொண்டு செல்வார்களாக. கோபுர வாசலில் காற்று தள்ளும்போது சற்று நின்று, இதைக் கட்டியவன் உன்னையும் எண்ணிக் கும்பிட்டிருக்கிறான் என்று அக்குழந்தையின் காதில் சொல்வார்களாக. பெரியவர்கள் சிறியவர்களை வணங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆயினும் விசுவநாதர் சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது, இனி வரப்போகும் ஒருவரை நினைத்து மனத்துக்குள் ஒரு வணக்கம் செலுத்தலாம். அதற்கு முன்மாதிரியாக ஒரு மன்னன் அங்கே காத்து நிற்கிறான்.